பெயர் எந்த வீட்டுக்குச் சொந்தம்? – டிசிஎல் மொழியின் இரண்டு சாவிகள்

பக்கத்து வீட்டுச் சிறுவன் நம் வீட்டுக்கு விளையாட வருகிறான். கூடத்தில் நின்றுகொண்டு "அப்பா எங்கே?" என்று கேட்கிறான். அவன் கேட்பது தன் அப்பாவையா, நம் வீட்டு அப்பாவையா? மனிதர்களாகிய நமக்கு இதில் குழப்பமே வருவதில்லை. அவன் எந்த வீட்டுப் பிள்ளையோ அந்த வீட்டு அப்பாவைத்தான் கேட்கிறான். ஆனால் கணினிக்கு இது தானாகத் தெரியாது. யாராவது விதி வகுத்துக் கொடுக்க வேண்டும். 'பிறந்த வீட்டு அப்பா' என்று வகுத்தவர்கள் உண்டு. 'நிற்கிற வீட்டு அப்பா' என்று வகுத்தவர்களும் உண்டு. இதுக்குப் போயா சண்டை என்று தோன்றும். அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த சண்டை இது.

நிரல் எழுதாத அன்பர்களுக்காகச் சில சொற்களை முதலில் விளக்கிவிடுகிறேன். 'மாறி' என்பது ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர் ஒட்டிய டப்பா. 'செயற்கூறு' என்பது ஒரு வேலைக்கான ஆணைகளை மூட்டையாகக் கட்டிப் பெயர் வைத்தது. பெயர் சொல்லி அழைத்தால் வேலையை முடித்துவிட்டு அழைத்தவரிடம் திரும்பும். ஒரு மாறியின் பெயர் எதுவரை செல்லும் என்பதைப் பாடநூல்களில் 'வரையெல்லை' என்கிறார்கள். எனக்கு 'வரம்பு' என்ற சொல்தான் பிடித்திருக்கிறது; ஊரில் வயலுக்கு நடுவே வரப்பு என்கிறோமே, அதேதான். எந்த ஆணைக்குப் பிறகு எந்த ஆணை என்பது 'ஓட்டம்'. வரம்பையும் ஓட்டத்தையும் மொழியை உருவாக்கியவர் தம் கையிலேயே வைத்துக்கொள்வதுதான் வழக்கம். அவற்றை மொழியைப் பயன்படுத்துகிறவர் கையில் தூக்கிக் கொடுத்த ஒரு மொழி உண்டு. அதன் பெயர் டிசிஎல். ஆங்கிலத்தில் 'டிக்கிள்' என்று உச்சரிப்பார்கள். கிச்சுக்கிச்சு மூட்டுவது என்று பொருள் வரும். பெயர்தான் விளையாட்டு, விஷயம் விளையாட்டல்ல.

கொஞ்சம் பின்னே போக வேண்டும். 1960 ஜனவரியில் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த 13 பேர் பாரிஸில் கூடி அல்கால் 60 என்ற மொழியை வகுத்தார்கள். அதன் அறிக்கையைத் தொகுத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் நார். 'தொடக்கம்', 'முடிவு' என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில் அறிவிக்கப்படும் பெயர் அந்த முடிவோடு முடிந்துவிடும் என்பது அதன் ஏற்பாடு. உள்ளே இருப்பவனுக்கு வெளியே தெரியும்; வெளியே இருப்பவனுக்கு உள்ளே தெரியாது. நிரலைத் தாளில் படித்தாலே எந்தப் பெயர் யாருடையது என்று விரல் வைத்துச் சொல்லிவிடலாம். இதுதான் பிறந்த வீட்டு விதி.

அதே அறிக்கையில் விசித்திரமான இன்னொரு ஏற்பாடும் இருந்தது. ஒரு செயற்கூற்றுக்கு 'அ+1' என்று கொடுத்தால் அதன் விடையைக் கணக்கிட்டு அனுப்பாமல், 'அ+1' என்ற கோவையையே அனுப்புவது. செயற்கூறு தேவைப்படும்போதெல்லாம் அதைப் புதிதாகக் கணக்கிடும். அப்போது 'அ' என்பது அழைத்தவர் வீட்டு 'அ'. டென்மார்க்கின் யோர்ன் ஜென்சன் இதை வைத்து ஒரு வித்தை செய்து காட்டினார். எண்ணும் மாறியின் பெயரையும் ஒரு சூத்திரத்தையும் கொடுத்துவிட்டால், கூட்டுத்தொகை காணும் ஒரே செயற்கூறு எந்தச் சூத்திரத்துக்கும் வேலை செய்யும். அழகான வித்தைதான். ஆனால் பின்னால் வந்த மொழிகளில் பெரும்பாலானவை இந்த ஏற்பாட்டைக் கைவிட்டுவிட்டன. இதை நினைவில் வையுங்கள், வேறு வேஷத்தில் திரும்பி வரும்.

அதே காலத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு செயற்கூற்றை இன்னொன்றுக்குப் பொருளாகக் கொடுக்க முடியும்; அதாவது பையனைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்ப முடியும். ஜேம்ஸ் ஸ்லாகிள் அப்படி ஒரு நிரலை எழுதிப் பார்த்துவிட்டு, விடை தப்பாக வருகிறது என்று முறையிட்டார். பையன் நிற்கிற வீட்டு அப்பாவைப் பிடித்துக்கொண்டான்! மெக்கார்த்தி இதைச் சாதாரணப் பிழை என்றே எண்ணினாராம். ஸ்டீவ் ரசல் சரிசெய்துவிடுவார் என்று சொல்லிவிட்டார். ரசல் சரிசெய்தார், ஆனால் அதற்கென்று தனியாக ஒரு கருவியையே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் மெக்கார்த்தியே 1970களின் இறுதியில் லிஸ்பின் வரலாற்றை எழுதியபோது பதிவு செய்திருக்கிறார். ஒரு செயற்கூற்றோடு அதன் பிறந்த வீட்டு விலாசத்தையும் சேர்த்துக் கட்டி அனுப்பும் முறைக்கு 'குளோஷர்' என்று பீட்டர் லாண்டின் 1964 இல் பெயர் வைத்தார். அதை முழு மனதோடு ஏற்ற முதல் லிஸ்ப் வகை, 1975 இல் சஸ்மனும் ஸ்டீலும் எம்ஐடியில் உருவாக்கிய ஸ்கீம்.

இந்த வழக்கில் என்னைப் பொறுத்தவரை முக்கியமான வாதம் வரம்பைப் பற்றியே பேசாத ஒரு மடலில் இருக்கிறது. 1968 மார்ச்சில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா கோ டு ஆணைக்கு எதிராக எழுதிய மடல் அது. மனித மனத்துக்கு அசையாமல் நிற்பதைப் புரிந்துகொள்ள வரும். காலத்தில் ஓடிக்கொண்டிருப்பதைக் கற்பனை செய்ய அவ்வளவாக வராது. ஆகவே தாளில் கிடக்கும் நிரலுக்கும் காலத்தில் ஓடும் நிரலுக்கும் இடையே தூரம் குறைவாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். பிறந்த வீட்டு விதி இடத்தைப் பொறுத்தது, தாளில் தெரியும். நிற்கிற வீட்டு விதி காலத்தைப் பொறுத்தது, ஓடவிட்டால்தான் தெரியும். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியர் சேர்த்தே சொன்னார். கணினிக்காரர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

இனி ஸ்கிரிப்ட் மொழிகள். பெரிய நிரல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கப் பயன்படும் பசை போன்ற சின்ன மொழிகள் இவை. 1979 இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வெளிவந்த ஷெல்லை எழுதிய ஸ்டீபன் போர்ன், கேம்பிரிட்ஜில் அல்கால் 68 மொழிக்குக் கம்பைலர் எழுதியவர். 'இஃப்' என்று திறந்ததை 'ஃபி' என்று திருப்பிப் போட்டு மூடும் வழக்கம் அல்காலிலிருந்து வந்த சீதனம். அதே கணக்கில் 'டூ' என்பதை 'ஓடி' என்று மூடியிருக்க வேண்டும்; அந்தப் பெயரில் யூனிக்ஸில் ஏற்கெனவே ஓர் ஆணை இருந்ததால் 'டன்' என்று வைத்தார். ஆனால் அல்காலின் வரம்பு விதி ஷெல்லுக்கு வரவில்லை. பின்னாளில் 1989 இல் வந்த பாஷ் ஷெல்லில் 'லோக்கல்' என்ற ஆணை உண்டு. பேர்தான் லோக்கல், அழைக்கப்பட்ட செயற்கூறுகள் எல்லாவற்றுக்கும் அந்த மாறி தெரியும். நிற்கிற வீட்டு அப்பாவேதான்.

பெர்க்லியில் ஜான் ஔஸ்டர்ஹவுட் என்ற பேராசிரியர் 1980களில் தம் மாணவர்களோடு சிப் வடிவமைப்புக்கான கருவிகளை எழுதிக்கொண்டிருந்தார். மேஜிக், கிரிஸ்டல் போன்றவை அவை. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஆணைமொழி தேவைப்பட்டது. ஒவ்வொரு தடவையும் அவசரத்தில் ஒன்றை ஒப்பேற்றி வைப்பார்கள். ஒன்று மற்றொன்றைப் போல இருக்காது, எதுவும் உருப்படியாகவும் இருக்காது. 1987 இலையுதிர்காலத்தில் டெக் நிறுவன ஆய்வகத்தில் விடுப்புக்காலத்தைக் கழித்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது: எந்தக் கருவிக்குள்ளும் பொருத்திக்கொள்ளக்கூடிய ஒரே ஆணைமொழியை ஒரு முறை ஒழுங்காக எழுதிவிட்டால் என்ன? 1988 தொடக்கத்தில் எழுத ஆரம்பித்தார். 1990 இல் ஆய்வுரையாக வெளியிட்டார். டூல் கமாண்ட் லாங்வேஜ், சுருக்கமாக டிசிஎல்.

யாரோ, எப்போதோ, என்ன கருவிக்காகவோ பயன்படுத்தப் போகும் மொழி என்பதால் அதன் இலக்கணத்தை எலும்புக்கூடாக வைத்தார். இன்றும் அது பன்னிரண்டே விதிகள். வரியின் முதல் சொல் ஆணை, மற்றவை அதற்குரிய பொருள்கள்; அவ்வளவுதான். 'இஃப்', 'வைல்', 'ஃபார்' எல்லாம் பிற மொழிகளில் இலக்கணத்தின் தூண்கள். டிசிஎல்லில் அவையும் சாதாரண ஆணைகள்தாம். வேண்டுமானால் பெயரை மாற்றலாம், தூக்கியெறியலாம், புதிதாக ஒன்று செய்துகொள்ளலாம்.

அது எப்படி முடிகிறது? இங்கேதான் ஓட்டத்தைப் பற்றிய அந்த நேர்த்தியான ஏற்பாடு வருகிறது. ஒவ்வொரு ஆணையும் தன் விடையோடு ஓர் எண்ணையும் திருப்பிக் கொடுக்கும். 0 என்றால் எல்லாம் சரி. 1 என்றால் பிழை. 2 என்றால் செயற்கூற்றை விட்டுத் திரும்பு. 3 என்றால் மடக்கை நிறுத்து. 4 என்றால் அடுத்த சுற்றுக்குப் போ. 'பிரேக்' என்பது மந்திரச் சொல் அல்ல. 3 என்ற எண்ணைத் திருப்பிக் கொடுப்பதைத் தவிர வேறு வேலை தெரியாத ஆணை. மடக்கை நடத்தும் 'வைல்' அந்த 3 ஐப் பார்த்துவிட்டு நின்றுகொள்கிறது. ரயில் கார்டு பச்சைக்கொடி, சிவப்புக்கொடி காட்டுவது மாதிரி. கொடியைப் பார்த்து நடக்க வேண்டியது ஓட்டுநரின் பொறுப்பு. 'ரிட்டர்ன்' ஆணைக்கு ஒரு குறி எண்ணைச் சேர்த்துக் கொடுத்தால், நாம் எழுதும் செயற்கூறே தன்னை அழைத்தவர் இடத்தில் இந்தக் கொடிகளில் எதை வேண்டுமானாலும் காட்டலாம்.

மிச்சம் இருந்தது வரம்புப் பிரச்சினை. டிசிஎல்லில் எல்லாமே எழுத்துச்சரம். மடக்கின் உடலாகக் கொடுக்கும் ஆணைத்தொகுதியும் வெறும் எழுத்துச்சரம்தான். அது எந்த வீட்டில் எழுதப்பட்டது என்ற விலாசம் அதில் கிடையாது. லாண்டினின் குளோஷர் இங்கே இல்லை. ஆகவே நாம் சொந்தமாக ஒரு மடக்கு ஆணையை எழுதி, கொடுக்கப்பட்ட தொகுதியை நம் செயற்கூற்றுக்குள்ளேயே ஓடவிட்டால், அதிலுள்ள பெயர்கள் எல்லாம் நம் வீட்டில் தேடப்பட்டு, அப்படி ஒரு மாறியே இல்லை என்று நின்றுவிடும். கடிதத்தில் விலாசம் இல்லையென்றால் கொண்டுவந்தவனிடம்தானே கேட்க முடியும்? ஔஸ்டர்ஹவுட் கொடுத்த விடை 'அப்லெவல்': இந்தத் தொகுதியை என்னை அழைத்தவர் வீட்டில் வைத்து ஓடவிடு. அதன் தம்பி 'அப்வார்': அழைத்தவர் வீட்டில் இன்ன பெயரில் இருக்கும் மாறியை என் வீட்டில் இன்ன பெயரில் காட்டு. எத்தனை படி மேலே என்பதையும் எண்ணால் சொல்லலாம். ஜென்சன் செய்து காட்டிய அதே வித்தைதான். அல்காலில் கம்பைலர் மறைவில் செய்ததை இங்கே நிரலாளர் பெயர் சொல்லி வெளிப்படையாகச் செய்கிறார்.

இதில் நமக்கு ஒரு தனி ருசி உண்டு. 1999 இல் வந்த 8.1 பதிப்பிலிருந்து டிசிஎல்லில் யூனிகோட் உண்டு. ஆக, 'வரும்வரை' என்று தமிழிலேயே பெயரிட்டு, அப்லெவலைக் கொண்டு ஒரு மடக்கு ஆணை செய்துகொள்ளலாம்; மொழியில் உடன்பிறந்த 'வைல்' எப்படியோ அப்படியே அதுவும் நடந்துகொள்ளும். மாறிக்கும் தமிழ்ப் பெயர் வைக்கலாம், ஆனால் அதன் மதிப்பை எடுக்கும்போது டாலர் குறிக்குப் பிறகு பெயரை நெளிவு அடைப்புக்குள் போட வேண்டும். வெறுமனே எழுதினால் ஆங்கில எழுத்துக்களை மட்டுமே பெயராக எண்ணும். இன்னொரு குறையும் உண்டு. டிசிஎல்லுக்கு வினை முதலில் வந்தாக வேண்டும். தமிழுக்கோ வினை கடைசியில். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியில் நிபந்தனையை முதலில் எழுதி 'ஆனால்' என்பதைப் பின்னால் போடலாம். அது நம் காதுக்கு இசைவாக இருக்கிறது.

எதிர்ப்பும் கிளம்பாமல் இல்லை. 1994 செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன், டிசிஎல்லைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஒரு பொது மடலே எழுதினார். கனமான நிரல் எழுதுவதற்கான மொழியாக அது வடிவமைக்கப்படவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. பெரிய வாக்குவாதம் நடந்தது. மூன்று ஆண்டு கழித்து 1997 க்கான ஏசிஎம் மென்பொருள் விருது ஔஸ்டர்ஹவுட்டுக்குக் கிடைத்தது.

மற்ற ஸ்கிரிப்ட் மொழிகள் என்ன செய்தன? ஒவ்வொன்றும் முதலில் சுலபமான வழியில் போய், பிறகு திரும்பி வந்தது. 1987 இல் பிறந்த பெர்ல் மொழிக்கு 'லோக்கல்' இருந்தது, நிற்கிற வீட்டு விதிப்படி. 1994 இல் ஐந்தாம் பதிப்போடுதான் பிறந்த வீட்டு விதிப்படியான 'மை' வந்தது. பைத்தானில் ஒரு செயற்கூற்றுக்குள் எழுதிய செயற்கூற்றுக்கு வெளிக்கூற்றின் மாறிகள் 2001 வரை தெரியாது. அந்த ஏப்ரலில் 2.1 பதிப்பில் விருப்பத் தேர்வாகவும், டிசம்பரில் 2.2 இல் நிரந்தரமாகவும் தெரியவந்தன. பார்க்க மட்டும்தான் முடியும்; வெளிக்கூற்றின் பெயருக்குப் புது மதிப்பு வைக்க 2008 டிசம்பரில் 'நான்லோக்கல்' வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1995 இல் பத்தே நாளில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட்டில், அறிவிக்காமல் பயன்படுத்திய பெயர் ஊர்ப்பொதுவாகிவிடும். அடைப்புக்குள் அடங்கும் 'லெட்' வருவதற்கு 2015 ஆகிவிட்டது. ஈமாக்ஸ் லிஸ்ப்புக்கே 2012 இல்தான் பிறந்த வீட்டு விதி விருப்பத் தேர்வாகக் கிடைத்தது!

பிஎச்பி கதை இவற்றையெல்லாம் விடக் கசப்பானது. இணையப் பக்கத்தின் முகவரியில் பெயரும் மதிப்பும் சேர்த்து அனுப்பினால், நிரலுக்குள் அதே பெயரில் பொது மாறி தானாக உருவாகிவிடும் ஒரு வசதி அதில் இருந்தது. ஆரம்பக்காரர்களுக்கு ரொம்ப சௌகரியம். 'அனுமதி' என்ற மாறிக்குத் தொடக்க மதிப்பு வைக்க நிரலாளர் மறந்திருந்தால், உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருப்பவர் முகவரிப் பட்டையில் 'அனுமதி=1' என்று சேர்த்து அடித்துவிட்டு நேரே உள்ளே நுழைந்துவிடலாம். வீட்டு அப்பா யார் என்பதைத் தெருவில் போகிறவன் தீர்மானிக்கிறான்! 2002 ஏப்ரலில் 4.2 பதிப்பில் இந்த வசதியை இயல்பாக மூடினார்கள். 2012 இல் 5.4 பதிப்போடு அடியோடு எடுத்தார்கள். வரம்பு என்பது ஏட்டுச்சுரைக்காய் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கூட்டத்தில் டிசிஎல்லை நான் தனியாக வைத்துப் பார்க்கிறேன். அதன் வீடுகள் இயல்பாகவே பூட்டியிருக்கின்றன. செயற்கூற்றுக்குள் வைக்கும் பெயர் அங்கேயே பிறந்து அங்கேயே மடிகிறது. ஊர்ப்பொது மாறியைக்கூட 'குளோபல்' என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். அழைத்தவர் வீட்டுக்குள் போகிறவன் இன்ன பெயரை எடுக்கிறேன், இத்தனை படி மேலே போகிறேன் என்று வாசலில் எழுதிவைத்துவிட்டுத்தான் போகிறான். பாஷில் அது கசிவு, இங்கே கையெழுத்து.

ஆனால் கையெழுத்திலும் இரண்டு வகை உண்டு. 'இந்தப் பெயரிலுள்ள மாறியை மாற்றிக் கொடு' என்று அழைத்தவரே பெயரைக் கொடுத்திருந்தால் அது சம்மதம். அழைத்தவர் சொல்லாத ஒரு பெயரைச் செயற்கூறு தன் இஷ்டத்துக்கு மேல்வீட்டில் தேடி எடுத்தால் அதற்குத் திருட்டு என்றுதான் பெயர். மொழி இரண்டையும் ஒன்றாகவே அனுமதிக்கிறது. படிகளை எண்ணுவதிலும் ஆபத்து இருக்கிறது. நடுவில் ஒரு புதுச் செயற்கூற்றை யாராவது செருகினால், 'ஒரு படி மேலே' என்று எழுதியது இப்போது வேறொரு வீட்டு வாசலில் போய் நிற்கும். டைக்ஸ்ட்ரா பயந்தது இதைத்தான்: தாளில் மாற்றமே இல்லை, பொருள் மாறிவிட்டது.

பெங்களூரில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு இது வெறும் ஏட்டு வரலாறு அல்ல. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985 இல் இங்கே வந்ததிலிருந்து சிப் வடிவமைப்பு இந்த நகரத்தின் தொழில்களில் ஒன்று. கோவையிலும் திருச்சியிலும் சென்னையிலும் படித்துவிட்டு வந்து இதில் அமர்ந்திருப்பவர்கள் ஏராளம். அந்தத் தொழிலின் பெரிய கருவிகள் எல்லாம், சினாப்சிஸ் ஆனாலும் கேடன்ஸ் ஆனாலும், டிசிஎல்லையே ஆணைமொழியாக வைத்திருக்கின்றன. சிப்பின் நேரக் கட்டுப்பாடுகளை எழுதும் எஸ்டிசி கோப்பும் டிசிஎல் நடையிலேயே அமைந்தது. சிப் கருவிகளுக்காகப் பெர்க்லியில் பிறந்த மொழி, சிப் கருவிகளிலேயே நிலைத்துவிட்டது.

அந்த அலுவலகங்களில் புதிதாகச் சேரும் இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முதலில் தடுக்கி விழுகிறார்கள். அமைப்பு மாறிகள் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கும். அதை 'சோர்ஸ்' ஆணையால் ஏற்றுவார்கள். நேரடியாக ஏற்றினால் எல்லாம் ஊர்ப்பொது மாறிகளாகும். வேலையை ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று அதே ஆணையை ஒரு செயற்கூற்றுக்குள் தூக்கிப் போட்டால், கோப்பிலுள்ள மாறிகள் அந்தச் செயற்கூற்றின் வீட்டில் பிறந்து, அது முடிந்ததும் அங்கேயே மறைந்துவிடும். பிழைச் செய்தி வேறெங்கோ நூறு வரி தள்ளி வரும். அனுபவஸ்தர் யாராவது வந்து, சோர்ஸுக்கு முன்னால் அப்லெவலையும் '#0' என்ற குறியையும் சேர்த்துவிட்டுப் போவார். எத்தனை படி ஏற வேண்டும் என்று எண்ணாமல் நேரே ஊர்ப்பொது மந்தைக்குப் போ என்று அதற்குப் பொருள். படியை எண்ணாத சாவி அது ஒன்றுதான். நடுவில் யார் எத்தனை செயற்கூற்றைச் செருகினாலும் அது வழி தவறுவதில்லை.

2012 டிசம்பரில் வந்த 8.6 பதிப்பு மொழிக்குள் பொருள்நோக்கு முறையையும், பாதியில் நின்று மீண்டும் தொடரும் செயற்கூறுகளையும் கொண்டுவந்தது. 2024 செப்டம்பரில் 9.0 வெளிவந்தது. பழையதில் பலவற்றைக் கழித்துக்கட்டிய பதிப்பு அது. அப்வாரும் அப்லெவலும் அதிலும் இருக்கின்றன.